எங்கள் தரப்பில் குறை ஏதும் இல்லை

என் மேசை மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. அதில் ஒரு பச்சை விளக்கு, நெஞ்சு துடிக்கிற வேகத்தில் எரிந்து எரிந்து அணையும். தினமும் காலையில் எங்கள் மேலாளர் ஹரிகரசுதன் கதவருகில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டுவார்.

"ஏனுங்க சங்கவி, மேசைக் கருவி எப்படி?"

"பச்சை சார்."

"சந்தோசம்."

அவ்வளவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு என்று மூன்று மாவட்டத்திலும் இதே போன்ற கருவியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிற அத்தனை பேருக்கும் அன்றைய பரிசோதனை முடிந்துவிட்டது. இனி அவர் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

இந்தக் கருவிக்கு மூளை கிடையாது. பழைய காலத்துப் பேஸ்மேக்கருக்கு இருந்தது. அது தானாகவே பார்த்துத் துடிப்பைக் கொடுத்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான், ஒவ்வொரு நெஞ்சிலும் தனித்தனியாக மூளை எதற்கு, கோவையில் ஒரு பெரிய மூளையை வைத்து எல்லா நெஞ்சுக்கும் அங்கிருந்தே துடிப்பை அனுப்பினால் போதாதா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பெரிய மூளை கெட்டிக்கார மூளை. நீங்கள் மாடிப்படியில் கால் வைப்பதற்கு முன்பே துடிப்பைக் கூட்டும், கண் அசரும்போது குறைக்கும். அதனால் வசதி உள்ளவர்களும் அதையே விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். திறப்பு விழாவில் "ஒரே மூளை, எல்லா இதயமும்" என்று பேனர் கட்டியிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கை தட்டினேன். உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

நான் மூளைப் பக்கம் இல்லை. மூளையிலிருந்து துடிப்பு வெளியே போகிற வழிக்குக் காவல். ஒவ்வொரு துடிப்பும் ஒரு குட்டிப் பாக்கெட்டாக, வழி பிரித்துவிடும் என் சுவிட்சுகளைத் தாண்டி, கேபிளில் ஓடி, ஊர் ஊராக நிற்கும் கோபுரங்களுக்குப் போய், அங்கிருந்து நெஞ்சுக்குப் போகும். ஒரு பாக்கெட் வழியில் தொலைந்தால் ஒரு துடிப்பு தொலைந்தது என்று அர்த்தம். ஒன்று தொலைந்தால் ஆளுக்குத் தெரியாது. அடுத்தடுத்து நாலைந்து தொலைந்தால் கண் இருட்டும், ஆள் விழுவார். அதற்கும் மேலே போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் விளம்பரத்தில் போடுவதில்லை.

யாராவது மயக்கம் வருகிறது என்று புகார் கொடுத்தால் மேசைக் கருவியைப் பார்ப்போம். அதே கருவி, அதே மூளை, அதே வழி. பச்சை விடாமல் எரிந்தால் பதில் அனுப்பிவிடுவோம். "எங்கள் தரப்பில் குறை ஏதும் இல்லை. தங்கள் மருத்துவரை அணுகவும்." ஆரம்பத்தில் அதைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பிறகு அதற்கென்று ஒரு பொத்தானே வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இந்தப் புத்தி உண்டு. என் இடத்திலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது, ஆகையால் நன்றாக இருக்கிறது.

மோகனசுந்தரம் அந்தப் பதிலைப் பல தடவை வாங்கியவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதிலுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், ஒரு நாள் முற்பகலில் மனைவி வளர்மதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, அதற்கான முகத்தோடு போய் நின்றேன்.

"மேடம், சண்டைக்கு வரலீங்க," என்றார் அவர் எழுந்து நின்று. "ஒரே ஒரு கேள்விங்க. பதில் சொல்லீட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போயிருவோம்."

"உக்காருங்கண்ணா. கேளுங்க."

"எங்க பக்கத்து ஊட்டுச் சரசாளுக்கும் இதே மிசினுதானுங்க. ஒரே நாள்ல, ஒரே ஆஸ்பத்திரில வெச்சது. ஒரே காம்பவுண்டு, ஒரே டவரு. அவ மாடிக்குத் தண்ணிக்கொடம் தூக்கறா. இவ கம்பெனில துணி பாக்கற செக்கிங் டேபிள்ல உக்காந்த எடத்துலயே மயங்கி உழுவறா. போன ஆடிக்கு முந்தி இவளும் அவளாட்டந்தான் இருந்தா. நீங்க கொறையே இல்லீங்கறீங்க. அப்பறம் இவளுக்கு மட்டும் ஏனுங்க?"

 வளர்மதி என்னைப் பார்த்துச் சிரித்தார். என் சங்கடத்தை அவர் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

"டாக்டரு மனசுதான் காரணம்னு மாத்தர குடுத்தாருங்க அம்மணி. பயத்துல வருதாமா. எனக்கென்னுங்க பயம்? பயந்தா வேலைக்குப் போக முடியுங்களா? வரும்போது பஸ்ஸுல கூட இவருகிட்டச் சொல்லீட்டு வந்தனுங்க, அந்தப் புள்ளைகளப் போயி…"

பேச்சு பாதியில் நின்றது. கண்கள் என்னைப் பார்த்தபடியே எங்கோ போய்விட்டன. மோகனசுந்தரம் பதறவில்லை. ஒரு கையால் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவர் கையில் இருந்த டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பல தடவை செய்து பழகிய கைகள் அவை. சற்று நேரத்தில் வளர்மதி மூச்சை இழுத்துக்கொண்டு, "…தொந்தரவு பண்ணாதீங்கன்னு," என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார். நடுவில் எதுவும் நடந்தது அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரையும் என் அறைக்கே கூட்டிக்கொண்டு போனேன். கோபுரம் ஒன்று, கருவி ஒன்று, மூளை ஒன்று. சரசாளுக்கும் வளர்மதிக்கும் எண் மட்டும்தான் வேறு. வளர்மதியின் எண்ணைப் போட்டு, மூளையிலிருந்து புறப்பட்ட துடிப்பையும் கருவிக்குப் போய்ச் சேர்ந்த துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். இத்தனை வருட வேலையில் மேசைக் கருவியை விட்டுவிட்டு ஒரு மனிதரின் எண்ணிலிருந்து நான் சோதித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. போனது, வந்தது. போனது, வந்தது. போனது. போனது. போனது. வந்தது. அந்தப் பக்கம் மேசைக் கருவி ஒரு தடவை கூடப் பிசகாமல் எரிந்துகொண்டிருந்தது.

மூளைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நான்கு கேபிள்கள் இருக்கின்றன. ஒரு கேபிள் அத்தனை துடிப்பையும் தாங்காது என்பதால் நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே தடமாக ஆக்கியிருக்கிறோம். எங்கள் திரையிலும் அது ஒரே கோடுதான். யாருடைய துடிப்பு எந்தக் கேபிளில் போக வேண்டும் என்பதைச் சுவிட்ச் ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்யும். எண்ணில் உள்ள இலக்கங்களை எல்லாம் கூட்டும், அதோடு நாங்கள் கொடுத்திருக்கும் ஒரு விதை எண்ணைச் சேர்க்கும், நாலால் வகுக்கும். மீதி எதுவோ அதுதான் உங்கள் கேபிள், மீதி இல்லையென்றால் கடைசிக் கேபிள். பிறகு உங்களுக்கு ஆயுள் முழுக்க அந்த ஒரே கேபிள்தான். ஒருவருடைய துடிப்புகள் வெவ்வேறு வழியில் போய் முன்பின்னாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது.

கோட்டைப் பிரித்து, நான்கு கேபிளையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன். ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். நான்கு சுத்தம். மூன்றாவது கொட்டிக்கொண்டிருந்தது. செத்திருந்தால் சுவிட்சே அதை ஒதுக்கியிருக்கும். அது சாகவில்லை. உயிரோடு இருந்துகொண்டு கையில் கொடுத்ததை அவ்வப்போது கீழே போட்டது. நான்கையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் இழப்பு மிகக் குறைவு, ஒப்பந்தத்தில் அனுமதித்த அளவுக்கும் கீழே. ஆனால் சராசரிக்கு நெஞ்சு கிடையாது. எல்லோருக்கும் பகிர்ந்து வர வேண்டிய இழப்பு முழுவதையும் மூன்றாவது கேபிளில் விழுந்தவர்கள் மட்டும் சுமந்துகொண்டிருந்தார்கள், ஒவ்வொரு நாளும், அதே ஆட்கள்.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்று சொல்லிவிட்டு ஹரிகரசுதன் அறைக்குப் போனேன்.

"சார், மூணாவது கேபிள் கொட்டுது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எப்பருந்து சார்?"

"போன ஆடிலருந்து." அவர் நாற்காலியில் உட்காராமல் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார். "உக்காருங்க சங்கவி. உங்களுக்கு முப்பத்தேழு தெரியுமா?"

"தெரியாது."

"நம்ம ஊர்ப் பெரிய மனுசங்க கார் நம்பருக்கு ஜோசியர்கிட்டப் போவாங்கல்ல, இதுக்கும் போனாங்க. கூட்டினா முப்பத்தேழு வரணுமாம். ஆயுசு எண்ணாம். வேற நம்பர் குடுத்தா கருவியே வேண்டாம்னாங்க. அதனால முப்பத்தேழு வர்ற நம்பர் அத்தனையும் எடுத்து அவங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சோம். எங்கப்பாவுக்கும் அதுலதான் வாங்கினேன். நம்ம சேர்மன் மேசைக் கருவிக்கே அதுல ஒண்ணு போட்டாரு. நல்ல எண்ணுல தொடங்கணும்னு."

ஜோசியர் கூட்டினார். சுவிட்சும் கூட்டியது. கூட்டுத்தொகை ஒன்றென்றால் மீதியும் ஒன்று, கேபிளும் ஒன்று. ஆயுசு எண் வாங்கிய அத்தனை பேரும் ஒரே கேபிளில் போய் மந்தையாக அடைந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மூணாவது கேபிள்லயா?"

"மூணாவதுலதான். அது கெட்ட அன்னைக்கு என் போன் எரிஞ்சு போச்சு. மில்லுக்காரங்க, காலேஜ்காரங்க, எங்கப்பா, எல்லாரும் ஒரே நேரத்துல."

"கேபிளை மாத்தியிருக்கலாமே சார்."

"கேபிள் ரூமுக்குச் சீல் வெச்சிருக்கு. அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து நின்னாத்தான் உடைக்கலாம். ஏன் மாத்தறீங்கம்பாரு. எத்தனை நாளா இப்படிம்பாரு. அதுவரைக்கும் உழுந்தவங்க, போனவங்க எல்லாக் கணக்கும் வெளிய வரும். கான்ட்ராக்ட் போயிரும்ங்க."

"சரி, அந்தக் கேபிளை இங்கிருந்தே நிறுத்திட்டு மூணை வெச்சு ஓட்டலாமே?"

"நிறுத்தினா இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல மணி அடிக்கும். அது போக, மூணு தாங்காதுங்க. காலைல ஊரே எந்திரிச்சு நடக்கும்போது எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொட்டும்."

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்னா யாரும் விழ மாட்டாங்க சார்."

"எல்லாரும்னா முப்பத்தேழும் வருமே சங்கவி."

அவர் சொன்னதில் கிண்டல் எதுவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுமையோடு சொன்னார்.

"விதை எண்ணுல ஒண்ணே ஒண்ணு கூட்டினேன். அதுக்கு மணி அடிக்காது. எல்லாரும் ஒரு கேபிள் தள்ளிப் போனாங்க. மூணுல இருந்தவங்க நாலுக்கு. ரெண்டுல இருந்தவங்க மூணுக்கு."

வளர்மதி ரெண்டில் இருந்தவர். ஆடிக்கு முந்தி சரசாளைப் போலவே இருந்தவர். அவர் எண்ணை நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு.

"நான் கெட்டவன் இல்லைங்க," என்றார் ஹரிகரசுதன். "யாரோ கால்வாசிப் பேரு மூணுல உழுந்துதான் ஆகணும். யாரு உழணும்னு நான் பாக்கல. யாரு உழக் கூடாதுன்னு மட்டுந்தான் பாத்தேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்து எத்தனை பேருக்குப் பொத்தானை அழுத்தியிருப்பேன்! அந்தக் கருவி எப்படிச் சிவக்கும்? அதை நல்ல கேபிளில் வைத்துவிட்டுத்தானே என்னிடம் "எப்படி" என்று கேட்கிறார்கள்?

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். நான் என் இடத்துக்கு வந்து விதை எண்ணில் ஒன்றைக் கழித்தேன். மணி எதுவும் அடிக்கவில்லை.

வளர்மதியின் துடிப்பு போனது, வந்தது, போனது, வந்தது. விடாமல் வந்தது. "அம்மா, எந்திரிச்சு நில்லுங்க, படி ஏறிப் பாக்கலாம்," என்றேன். மூன்று பேரும் மொட்டை மாடி வரைக்கும் ஏறினோம். எனக்குத்தான் இரைத்தது. வளர்மதி மேலே நின்று, "ஏனுங்க, இங்கிருந்து மருதமலை தெரியுதுங்க!" என்று கணவரிடம் கையை நீட்டிக் காட்டினார். மோகனசுந்தரம் மலையைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு என் மேசைக் கருவி ஒரு துடிப்பைத் தவறவிட்டது.

நான் யாரையும் காப்பாற்றிவிடவில்லை, கைமாற்றித்தான் விட்டேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாவது கேபிளில் முப்பத்தேழுகள் மட்டுமா வந்து விழுந்தார்கள்? அவர்களோடு ஒரு ஆட்டோக்காரர், ஒரு டீக்கடைக்காரர், யாருடைய மனைவியோ, யாருடைய அம்மாவோ விழுந்திருப்பார்கள். ஆனால் பெரிய மனுசர்கள் நாலு பேர் மயங்கினால் அந்தக் கேபிளை மாற்றியே தீருவார்கள், இரண்டு மூன்று நாளில் எல்லோருக்கும் விடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

மறுநாளே ஒரு நூற்பாலை அதிபர் பள்ளி ஆண்டு விழா மேடையில், பரிசுக் கோப்பையைக் கையில் வைத்தபடி விழுந்தார். அன்று ஹரிகரசுதன் கதவருகில் நிற்காமல் உள்ளேயே வந்தார்.

"ஒண்ணைக் கழிச்சீங்களா?"

"ஆமா சார். திரும்பக் கூட்டினீங்கன்னா நேரா இன்ஸ்பெக்டர்கிட்டப் போவேன்."

அவர் மேசைக் கருவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். அது எரிந்தது, எரிந்தது, ஒரு தடவை விட்டது. "எங்கப்பா காலைல பாத்ரூம்ல உழுந்துட்டாரு," என்றார்.  எனக்கு மனது கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "நிரந்தரமா ஒரு ஏற்பாடு பண்ணிரலாம். நீங்களும் அலைஞ்சிட்டீங்க, ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்க," என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். இதை விட முட்டாள்தனமான தூக்கத்தை நான் வாழ்நாளில் தூங்கியதில்லை.

லீவு முடிந்து வந்தபோது மேசைக் கருவி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வரவேற்பில் பூச்செண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. "ஆயுள் தடம், புதிய உயர் பாதுகாப்புச் சேவை" என்று சுவரில் ஒரு பலகை. உட்கார்ந்து தடத்தைத் திறந்தேன். நான்கு கேபிள் இருந்த கட்டுக்குள் மூன்றுதான் இருந்தன. நாலாவதை, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை, கட்டிலிருந்து பிரித்துத் தனித் தடமாக்கி முப்பத்தேழுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். மற்ற அத்தனை பேரும் மீதி மூன்றில். அதில் மூன்றாவது அதே மூன்றாவது. கொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு தாங்காதுன்னீங்களே சார்?" என்று கேட்டேன்.

"பாத்தோம். தாங்குதுங்க."

"சீலை உடைச்சீங்கல்ல? இன்ஸ்பெக்டர் வந்தாரா?"

"வந்தாரே. புதுச் சேவைக்குன்னதும் சந்தோசமா நின்னு கையெழுத்துப் போட்டாரு. அவருக்கும் ஒரு முப்பத்தேழு குடுத்திருக்கோம்."

"எல்லாரும் ஒரே கட்டுல இருந்த வரைக்கும் என்னைக்காவது ஒரு நாள் அந்தக் கேபிளை மாத்தியிருப்பீங்க சார். இனி ஏன் மாத்தப் போறீங்க?"

 "உங்களை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம் சங்கவி. அனுப்பினா காரணம் எழுதணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

முப்பத்தேழுகளைத் துரத்தியடித்துத் தனி வழி போட வைத்தது நான்தான். இதை யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. கேபிள் மூன்றானால் சுவிட்ச் நாலால் வகுக்காது, மூன்றால் வகுக்கும். எல்லோருக்கும் மீதி மாறும். முப்பத்தாறோடு விதை எண்ணைச் சேர்த்து மூன்றால் வகுத்தேன். திரும்பவும் வகுத்தேன். வளர்மதி மறுபடியும் மூன்றாவது கேபிளில் இருந்தார். இந்த முறை கூட்டமும் அதிகம்.

உடனே மோகனசுந்தரத்தைக் கூப்பிட்டேன். பின்னால் துணி வெட்டுகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மணி! நல்லா இருக்கறாளுங்க. நேத்துத்தான் லேசாத் தலை சுத்துதுன்னா. வெய்யிலுக்கா இருக்கும்."

"வெயில் இல்லைங்கண்ணா. இன்னைக்கே அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு வேற நம்பர் போட்டுத் தர்றேன். என் மேசைக்கு முன்னால உக்கார வெச்சு, நெஞ்சைத் திறக்காமலே அரை மணி நேரத்துல மாத்திரலாம்."

வயதாகி நிம்மதியாகக் காலமான ஒரு மில் அதிபரின் எண் திரும்பி வந்து சும்மா கிடந்தது. கூட்டினால் முப்பத்தேழு. அதை வளர்மதிக்குத் திருடிக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வேலை போனால் போகட்டும்.

"இன்னைக்குங்களா? சனிக்கெழம சிப்மெண்டுங்க அம்மணி. அவ டேபிள்ல ஆளில்லீன்னா பெட்டி கட்ட முடியாதுன்னு மொதலாளி கத்துவாரு. ஞாயித்துக்கெழம காலைல மொத பஸ்ஸுக்கு வந்தர்றமுங்க."

"அண்ணா, தயவு செஞ்சு இன்னைக்கே வாங்க. இல்ல, நானே அங்க வர்றேன்."

"நீங்க எதுக்குங்க அலைஞ்சுக்கிட்டு? ரெண்டு நாள்தானுங்களே. அதான் நீங்க சரி பண்ணீட்டீங்கல்ல." அவர் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான்தான் மொட்டை மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வெளியிலிருந்தே கருவியில் எண்ணை எழுதுகிற தாங்கி என் மேசையோடு சேர்த்துப் பொருத்தியது, தூக்கிக்கொண்டு போக முடியாது. அன்று மாலையும் மறுநாளும் கூப்பிட்டேன். சிப்மெண்டு அவசரத்தில் அவர் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ் நேரத்திலிருந்து அலுவலகத்தில் காத்திருந்தேன். அவர்கள் வரவில்லை.

அவர் மட்டும் திங்கட்கிழமை வந்தார். மருந்துக் கடைக் காகிதப் பை ஒன்றை என் முன்னால் வைத்தார். அதற்குள் துடைத்துச் சுத்தமாக்கிய கருவி இருந்தது.

"ஒப்படைக்கோணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. கவருமெண்டுச் சொத்துங்களாமா."

நான் எழுந்து நின்றேன். 

"சனிக்கெழம பெட்டியெல்லாம் கட்டி லாரி போயிருச்சுங்க. அப்பாடான்னு உக்காந்தவதான்." அவர் தன் கைகளைப் பார்த்தபடியே பேசினார். "நீங்க அன்னைக்கே வரச் சொன்னீங்க. நாந்தான் ஞாயித்துக்கெழமன்னேன். ஆனா ஒண்ணுங்க அம்மணி. நீங்க என்ன பண்ணீங்களோ, நடுவால ஒரு வாரம் நல்லா இருந்தாளுங்க. சரசாகூடக் கோயலுக்கு நடந்து போயிட்டு நடந்து வந்தா. அதச் சொல்லீட்டுப் போலாம்னுதான்…"

"நன்றி மட்டும் சொல்லிராதீங்கண்ணா," என்றேன். "உங்க தப்பில்லை. எங்க தப்பு. என் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு கேபிள், முப்பத்தேழு, கூட்டியது, கழித்தது, பிரித்தது, எதையும் விடவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அவளுது கூட்டுனா எத்தனைங்க?"

"முப்பத்தாறுங்கண்ணா."

அவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். "ஒண்ணு கொறஞ்சு போச்சுங்களா," என்றார்.

அந்த நேரத்தில் என் திரையில் வளர்மதியின் பழைய புகார் தானாகவே மூடிக்கொண்டது. பயனாளருக்குச் சேவை முடிந்துவிட்டதால் குறை தீர்ந்தது என்று ஒரு வரி வந்தது. ஆனால் செய்தி மூளை வரைக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. திரும்பி வருகிற கருவியைச் சோதித்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. வளர்மதியின் கருவியைத் தாங்கியில் வைத்தேன். விளக்கு எரிந்தது. மூளை அவருக்குத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. எரிந்தது, எரிந்தது, ஒன்று தவறியது. பிறகு இன்னொன்று.

"இதுதானுங்களா?" என்று கேட்டார் மோகனசுந்தரம், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

"இதுதாங்கண்ணா."

மேசைக் கருவியைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். அதன் இடத்தில் வளர்மதியின் கருவியைப் பொருத்தினேன். அந்த இடத்தில் இருக்கும் கருவிக்கு இன்ன எண்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கதவருகில் தலை எட்டிப் பார்த்தது. "ஏனுங்க சங்கவி, மேசைக் கருவி எப்படி?"

"உள்ள வந்து பாருங்க சார்."

ஹரிகரசுதன் வந்தார். மோகனசுந்தரத்தை யாரென்று தெரியாமல் ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேசைக்குக் குனிந்தார். விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது நம்ம கருவி இல்லையே. இது யார் நம்பருங்க?"

நான் வாயைத் திறக்குமுன் மோகனசுந்தரம் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"எம்பட ஊட்டுக்காரி நம்பருங்க சார்."

விளக்கு எரிந்தது. எரிந்தது. அடுத்ததற்காக மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.